சைக்கிளோடு வந்தால் இடம் கிடையாதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருச்சியிலிருந்து மூன்று நண்பர்கள் சைக்கிளில் கிளம்பி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வந்திருக்கிறார்கள். முன்கூட்டியே பணம் கட்டியிருந்த விடுதியில், "சைக்கிளை உள்ளே கொண்டுவரக் கூடாது, வெளியில் விட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார்கள். மதியம் சாப்பிடப் போன ஓட்டலில் வாட்ச்மேன் வாசலிலேயே கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். கடைசியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு விடுதியில் இடம் கிடைத்தது. ஆனால் மறுநாள் கிளம்பும்போது ஆத்தங்குடி டைல்ஸில் டயர் கறை படிந்துவிட்டது என்று 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். இப்படித் திருப்பி அனுப்ப இவர்களுக்கு உரிமை உண்டா, அந்த 500 ரூபாய் நியாயமா, அடுத்த தடவை வரும்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், எங்கள் அப்பா இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே பஞ்சர் ஒட்டித்தான் வளர்ந்தேன். பிறகு பல வருஷம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தினேன். இப்போது வெளியூர்க்காரர்களை சைக்கிளில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஆக, சைக்கிளோடு போய் வாசலில் நின்றவனும் நான்தான், "சைக்கிள் வேணாம்ணே, இடமில்ல" என்று திருப்பி அனுப்பியவனும் நான்தான். இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் பேசினால் நன்றாக இருக்காது.

முதலில் நேரடியான பதில். சைக்கிளை உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல விடுதிக்காரருக்கு உரிமை உண்டு. அறைக்குக் காசு வாங்கிக்கொண்டு, சைக்கிளில் வந்ததற்காக உங்களையே விடமாட்டேன் என்று சொன்னால் அது வேறு கதை. 500 ரூபாய் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் கொஞ்சம் கல் சமாச்சாரம் இருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது? அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு, கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் இவற்றுக்குள் போவதை மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காகத் தடுக்கக் கூடாது என்கிறது. இந்தப் பட்டியலில் வாகனம் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்வதைப் போலத்தான், வண்டியை வெளியே விடுங்கள் என்பதும். அந்த ஓட்டல் வாட்ச்மேன் சைக்கிளை மட்டும் மறித்திருந்தால் வழக்கு ஒன்றும் நிற்காது. உங்களையும் சேர்த்து மறித்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கும். சைக்கிளை எங்கே விடுவது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், விட இடமில்லாததால் நீங்களும் போயிருப்பீர்கள்.

விடுதி விஷயம் அப்படியில்லை. பணம் வாங்கியாகிவிட்டது. வண்டி நிறுத்த இடம் உண்டு என்று அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்து, வாசலில் வந்தபின் சைக்கிளுக்கு மட்டும் கிடையாது என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால், அறை வாடகை திரும்பி வந்திருந்தால் நான் அதோடு விட்டுவிடுவேன். ஆணையத்துக்கு நாலு தடவை அலைகிற நேரத்தில் ராமேஸ்வரம் வரை சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம்.

இதைவிட முக்கியமான சட்டம் ஒன்று இருக்கிறது. விடுதிக்காரர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவிலிருந்து, ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பதைப் பற்றிப் பேசுகிறது. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, வாங்கி வைத்துக்கொண்டவரும் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 151ஆம் பிரிவு. எங்கள் ஸ்டாண்டில் ஒரே நம்பர் போட்ட சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒன்றை ஹேண்டில்பாரில் செருகிவிட்டு மற்றதை உங்கள் கையில் கொடுப்போமே, அந்தத் துண்டுச் சீட்டுதான் ஒப்படைப்பு. டில்லி தாஜ் மஹால் ஓட்டலில் 1998இல் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. 'வாகனம் உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஓட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்றது.

இப்போது விடுதி மேலாளர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். "உள்ளே வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பொறுப்பு அவர் தலையில். "இங்கே விடாதீர்கள்" என்றால் ஒன்றுமில்லை. ஒரு லாட்ஜ் மேலாளர் என்னிடமே கேட்டார்: "ஒரு சைக்கிள் ஒரு லட்ச ரூவாயாம்ணே. காணாமப் போச்சுன்னா என் ஒரு வருசச் சம்பளத்துல பாதி போயிரும். எனக்கு எதுக்குண்ணே அந்த வம்பு?" அவர் சைக்கிளை வெறுக்கிறவர் இல்லை. அவர் பெண்ணே சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

சரி, பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரொம்பச் சின்ன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. ஸ்டாண்டு.

எங்கள் காலத்து சைக்கிளுக்குப் பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு கால் ஸ்டாண்டு இருக்கும். கேரியரைப் பிடித்து ஒரு தூக்கு, காலால் ஒரு மிதி, வண்டி எங்கே வேண்டுமானாலும் தானாக நிற்கும். பூட்டு பின்சக்கரத்திலேயே இருக்கும், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். அந்த வண்டிக்கு யாருடைய சுவரும் தேவையில்லை. டீக்கடை வாசலில் இருபது சைக்கிள் நின்றாலும் ஒன்று இன்னொன்றின் மேல் சாயாது. இப்போது நீங்கள் ஓட்டிவரும் கியர் சைக்கிளுக்கு ஸ்டாண்டும் இல்லை, பூட்டும் இல்லை. எடை கூடுமாம். அதனால் நிறுத்தினால் எதன்மேலாவது சாய்த்தாக வேண்டும். சக்கரம் வேறு ஒரு நெம்பில் கழன்று வந்துவிடும் என்பதால் கண்ணை விட்டு விலகவும் மனசு வராது. ஆக, எடை குறைந்த வண்டி, ஆனால் நிறுத்தும் இடத்தில் மற்றவருக்குப் பாரம்.

சாய்க்கிற சுவர் என்ன சுவர் என்பதையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரில் இருப்பது பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பல பூச்சாகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர். கையை வைத்தால் கண்ணாடி மாதிரி ஜில்லென்று இருக்கும். அதில் ஹேண்டில்பார் முனை ஒரு தடவை உரசினால் விழுகிற கோடு அப்படியே நிற்கும். மேலே பூசி மறைக்க முடியாது. அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரும் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. விடுதிக்காரர் சுவரைப் பார்த்துப் பதறுவதில் எனக்கு வருத்தமே கிடையாது.

ஓட்டல் வாட்ச்மேனுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் சைக்கிளில் வந்து, ஏதாவது ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு, தேவகோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் எடுப்பார்கள். நாள் முழுக்கக் கடையை மறைத்துக்கொண்டு பூட்டிய சைக்கிள் நிற்கும், நகர்த்தவும் முடியாது. பூட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி இழுத்து ஓரமாக வைத்து இடுப்பு பிடித்துக்கொண்ட கடைப்பையன்கள் எத்தனையோ பேர். அதற்காகத்தான் முதலாளி "சைக்கிளை விடாதே" என்று ஒரே வரியில் உத்தரவு போட்டிருப்பார். வாட்ச்மேன் அந்த ஒரே வரியை உங்களிடமும் காட்டியிருப்பார்.

பெட்ரோல் பங்கில் சைக்கிளுக்குக் காற்று மறுப்பதும் இப்படித்தான், பாதி நியாயம், பாதி சோம்பல். சாதாரண சைக்கிள் டியூபில் இருப்பது வால்டியூப் போட்ட பழைய வகை வாய். பங்கின் காற்றுக் குழாய் கார், மோட்டார் சைக்கிள் வாய்க்கு ஏற்றது. அதில் பழைய வாய் பொருந்தாது. மெல்லிய டயர் போட்ட உங்கள் சைக்கிளின் ஒல்லி வாய்க்கும் தனியாக ஒரு பித்தளைத் தொப்பி வேண்டும். அந்தத் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், பத்தில் ஏழு பங்கில் பிடித்துவிடுவார்கள். மீதி மூன்றில் "சைக்கிளுக்குக் காத்து கிடையாது" என்பார்கள். அது குழாயின் குறையில்லை.

அந்த மீதி மூன்றைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

நான் ஸ்டாண்டு நடத்தியபோது ஏன் சைக்கிளைத் திருப்பி அனுப்பினேன் தெரியுமா? ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிற இடத்தில் இரண்டு சைக்கிள் நிற்கும். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள் தரும் காசு மூன்று சைக்கிளுக்கு மேல். கணக்கு அவ்வளவுதான். திருவிழா நாளில், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம் எடுக்கும் அன்று, சைக்கிளைத் தூரத்தில் பார்க்கும்போதே தலையை ஆட்டிவிடுவேன். ஒரு நாள் அப்படித் திரும்பிப் போனவர் எங்கள் கடையில் பல வருஷம் டயர் மாற்றிய, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கடைசிவரை சைக்கிளில்தான் வந்தார். "பரவாயில்லப்பா" என்று திருப்பிக்கொண்டு போனார். பேண்ட்டின் ஓரத்தில் அந்தக் கால ஸ்டீல் கிளிப் மாட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சைக்கிளைப் பார்த்ததும் ஆளை எடை போட்டுவிடுகிறோம், விஷயம் அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த விலையில்லா சைக்கிள், சில வருஷத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று ஆயிற்று. நல்ல திட்டம், எத்தனையோ பெண்கள் அதனால் பள்ளியை விடாமல் முடித்தார்கள். ஆனால் கடைத்தெருவின் கண்ணில் அதற்கப்புறம் சைக்கிள் என்றால் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளை, இல்லை மோட்டார் வண்டி வாங்க முடியாத பெரிசு. இருவருமே நகைக்கடைக்கு வருகிறவர்கள் இல்லை, ஏ.சி. ஹாலில் சாப்பிடுகிறவர்களும் இல்லை. "சைக்கிள்ல வர்றவன் என்னத்த வாங்கப் போறான்" என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத வியாபாரக் கணக்கு.

இதற்கு அடியில் இன்னும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் கடையில் வாடகை மணிக்கு 50 பைசா. காலனியிலிருந்து ஓர் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் வந்து 4ஆம் நம்பர் சைக்கிளை எடுப்பார். எடுத்ததும் ஏற மாட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இரண்டு தெருவைக் கடந்து, ஊருணிக் கரைக்குப் போன பிறகுதான் காலைத் தூக்கிப் போடுவார். குரங்குப் பெடல் போடும் எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். "ஏம்ப்பா அவரு ஏறாமத் தள்ளிக்கிட்டே போறாரு, வாடகை ஓடுதுல்ல?" என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா வாயே திறக்கவில்லை. நோட்டில் நேரம் எழுதும்போது அவருக்கு மட்டும் ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டு எழுதுவார் என்பதைப் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருப்பது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது அதே வரியில் இருக்கிறது. சைக்கிள் என்ற சொல் இப்படிச் சட்டத்தில் ஏற வேண்டியிருந்தது என்றால் எத்தனை தெருவில் எத்தனை பேர் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்! உங்களை மறித்த வாட்ச்மேன் இதையெல்லாம் நினைத்து மறித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவேளை அவர் சாதியைக் கேட்டோ, தெருவைக் கேட்டோ மறித்திருந்தால், அது சைக்கிள் நிறுத்தும் பிரச்சினை இல்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இதே மண்ணில் இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. செட்டிநாட்டின் வடபகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1991-92இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும், கூலி வேலைக்குப் போகிறவர்களும், அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்த பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டலாம். எங்கள் கடைக்கும் அந்த வருஷம் சேலை கட்டியவர்கள் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். அப்பா பழைய 7ஆம் நம்பருக்கு செயின் கார்டு போட்டு, சேலை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலையும் கட்டி வைத்தார்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது. அதை நடத்தும் முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் பள்ளத்தூர்தான். நாடு முழுக்க சைக்கிள் விற்ற குடும்பத்தின் ஊருக்கு சைக்கிளில் போனால், சாய்க்க ஒரு இரும்புக் குழாய் தேட வேண்டியிருக்கிறது. பாரம்பரிய விடுதிகள் சிலவற்றில் வெளிநாட்டு விருந்தினருக்காகவே சைக்கிள் வைத்திருக்கிறார்கள், முன்னால் கூடை வைத்து, மணி பளபளவென்று. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வருவது அங்கே ஒரு 'அனுபவம்'. விடுதி கொடுத்த சைக்கிள் முகப்பில் நிற்கலாம், விருந்தினர் கொண்டுவந்த சைக்கிள் நிற்கக் கூடாது என்று ஓரிடத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சைக்கிளில் வருகிறவரை மறுப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் போர்ட்லாந்தில் 2009இல், பர்கர்வில் என்ற உணவுக்கடையில், காரில் இருந்தபடியே வாங்கும் ஜன்னலுக்கு சைக்கிளில் போன ஒரு பெண்ணுக்கு சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். பேச்சு பரவியதும் அந்த நிறுவனமே சைக்கிளுக்கும் ஜன்னலைத் திறந்துவிட்டது. சைக்கிள்காரனும் காசு கொடுக்கிறவன்தான் என்று புரிவதற்கு எங்கேயும் கொஞ்ச நாள் ஆகிறது.

எங்கள் பக்கத்தில் அது ஒரு மெஸ் ஆச்சிக்கு ஒரே மதியத்தில் புரிந்தது. நான் கூட்டிப்போன ஆறு பேர், மதுரைப் பையன்கள், வெயிலில் 70 கிலோமீட்டர் மிதித்து வந்தவர்கள். வாசல் சின்னது, சாக்கடையை ஒட்டி இரண்டு படி, அவ்வளவுதான். ஆச்சி சைக்கிள்களைப் பார்த்ததும், "இம்புட்டையும் எங்கப்பா வைப்பீக, மத்தவுக வர வழி வேணாமா?" என்றார். பக்கத்து மனையின் முள்வேலி ஓரம் படுக்கப் போட்டுவிட்டு உள்ளே போனோம். பையன்கள் சாப்பிட்டதைப் பார்த்து ஆச்சி இரண்டாவது உலை வைத்தார். மோர் தீர்ந்து கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னார். போகும்போது என்னிடம் மெதுவாக, "ஆறு பேரு வந்தாக, பதினஞ்சு சாப்பாடு போயிருக்கு. இவுக அடிக்கடி வருவாகளா?" என்று கேட்டார். அடுத்த மாதம் போனபோது பக்கச் சுவரை ஒட்டி ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று, இடுப்பு உயரத்தில், வெல்டிங் கடைக்காரரை வைத்துப் போட்டிருந்தார். சைக்கிளைக் குழாயில் சாய்த்துச் சங்கிலி போட்டுக்கொள்ளலாம், சுவரில் படாது. அதில் காலை நேரத்தில் அவர் வீட்டுத் துணியும் காய்கிறது.

அதனால் விடுதிக்காரரிடம் சண்டை போடுவதைவிட இடத்தைக் கேட்பதுதான் நல்லது என்பது என் அனுபவம். 'சைக்கிளை அனுமதிப்பீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வது சுலபம். 'மூன்று சைக்கிள் இருக்கிறது, ராத்திரி பூட்டி வைக்க எங்கே இடம்?' என்று, பதிவு செய்யும்போதே போனில் கேளுங்கள். பதிலை எழுத்திலும் வாங்கிவிடுங்கள், ஒரு வாட்ஸ்அப் வரி போதும். வாசலில் வந்து நின்றபின் பேசினால் உங்களுக்கும் அலுப்பு, அவருக்கும் எரிச்சல், இரண்டும் சேர்ந்தால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

பழைய வீட்டு விடுதி என்றால் என்னிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் திண்ணை, முகப்பு, அப்புறம் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் பின்தெருவுக்கு ஒரு வாசல். அந்தக் காலத்திலேயே கணக்கப்பிள்ளையின் சைக்கிள் முகப்பைத் தாண்டி உள்ளே வராது. திண்ணைக்குக் கீழே, தாழ்வாரத்து நிழலில் நிற்கும். அந்த இடத்தில் இப்போது வரவேற்பு மேஜையும், பூ மிதக்கும் பித்தளை உருளியும் உட்கார்ந்துவிட்டன. சைக்கிளின் இடம் போனது இப்படித்தான். ஆனால் பின்கட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கிணற்றடி, கல் பாவிய தரை, விறகு கிடந்த கொட்டகை. அங்கே சுவரும் கெடாது, டைல்ஸும் கெடாது, ராத்திரி கதவும் சாத்தியிருக்கும். "பின்வாசல் பக்கம் வைக்கலாமா?" என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் அதற்கு மாட்டேன் என்றவர்கள் அபூர்வம். பின்வாசலா என்று முகம் சுளிக்கத் தோன்றும், அந்த வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு, தெரியாமல் இல்லை. சைக்கிள்தான் பின்வாசலில் போகிறது, நீங்கள் முன்வாசலில் போங்கள்.

சைக்கிளுக்கு ஒரு பக்க ஸ்டாண்டு மாட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான், கால் கிலோ கூடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கார்பன் பிரேம் என்றால் மட்டும் மாட்டாதீர்கள், இறுக்கினால் நசுங்கும். ஒரு பழைய பனியன் துணி பையில் இருக்கட்டும். நம் பக்கம் செம்மண், மழை பெய்தால் டயரில் ஒரு அங்குலம் அப்பிக்கொள்ளும். வாசலில் நிறுத்தி, விடுதிக்காரர் பார்க்கும்படி டயரைத் துடைத்தீர்கள் என்றால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துடைக்கிற ஆளை வாசலில் நிறுத்தி வைத்துப் பேச யாருக்கும் மனசு வராது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீரும் சோறும் கொடுத்துக் காலுக்கு வெந்நீர் வைக்கிற ஊர்க்காரர்கள்தானே. வேர்த்து வழிந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவது இங்கே பழக்கமில்லாத வேலை. எங்கே வைப்பது என்று தெரியாததால்தான் பலரும் முதலில் இல்லை என்கிறார்கள்.

கடைசியாக அந்த 500 ரூபாய்.

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சிமெண்டில் கலந்த நிறங்களைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவது. கண்ணாடி தந்த வழவழப்புதான் அந்த மினுமினுப்பு. மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது என்பதால் கறை கொஞ்சம் உள்ளே இறங்கும், அது உண்மை. ஆனால் டயர் விடுகிற கறுப்புக் கோடு பெரும்பாலும் மேலோடுதான். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல் அரித்து, மினுமினுப்பு போய், அப்போதுதான் நிஜமாகவே கெடும். உங்கள் விடுதியில் அதைச் செய்துவிட்டு உங்கள் தலையில் கட்டினார்களா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. டைல்ஸை மாற்ற வேண்டும் என்று 500 வாங்கியிருந்தால், எந்தக் கல், எந்த மூலை, பழைய கல் எங்கே என்று ரசீதோடு கேளுங்கள். துடைத்த கூலி என்றால் 500 அதிகம். எங்கள் வீட்டு முகப்பில் என் சைக்கிள் போட்ட கோடுகளுக்கு என் மனைவி செய்வது இதுதான்: பஞ்சில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய், வட்டமாகத் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. போகவில்லை என்றால் மறுநாள் இன்னொரு தடவை.